பழைய ரிவால்வர்: கை மாறும் முன்

துப்பாக்கி லைசென்ஸ் கிடைச்சாச்சு, தெரிஞ்சவர் தன்னோட பழைய .32 ரிவால்வரைத் தர்றேங்கிறார். உடனே கை நீட்டிடாதீங்க! 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, விற்பவர் எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கை மாறலாம். தாம்பரம் பகுதியில் 2022 ஜனவரி முதல் மாநகரக் காவல் ஆணையரிடமோ, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தெரிவிக்கணும்.

அந்த இடைவெளியில், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் விற்பவரையே எடுத்துவரச் சொல்லுங்க. குண்டு இல்லைன்னு திறந்து பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். சுத்தியலை மெல்ல இழுத்தால் சிலிண்டர் சுழன்று பூட்டிக்கொள்ளணும். பூட்டிய பின்னும் அதிகமாக ஆடினால் அறையும் குழலும் நேர்படாது. குண்டு விளிம்பில் உரசி, உலோகத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுபவர் கைக்கே ஆபத்து. கான்பூர் தயாரிப்பு மடங்கித் திறக்கும் வகை. அந்தக் கீல் தளர்ந்திருந்தா, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.