பிள்ளையின் மூச்சை எண்ணிப் பார்த்தீர்களா?

"வெறும் தடிமன்தானே, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் சுகமாகிவிடும்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அநேகமான வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால், அந்தத் தடிமன் நியூமோனியாவாக மாறுவதை எப்படி அறிந்துகொள்வது?

பிள்ளைக்குச் சுகமில்லை என்றதும் உம்மாவின் கை நெற்றிக்குத்தான் போகிறது. உடம்பு சுடுவதைக் கை சொல்லிவிடும். நுரையீரல் படும் கஷ்டத்தைச் சொல்லாது. அதற்குக் கண்ணும், செக்கன் முள்ளுள்ள ஒரு மணிக்கூடும் வேண்டும்.

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது அல்லது உறங்கும்போது சட்டையை உயர்த்தி நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இராது. ஆகவே, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள அளவின்படி, ஒரு நிமிடத்தில் பின்வரும் எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு:

2 மாதத்துக்குக் குறைந்த குழந்தை – 60
2 மாதம் முதல் 1 வயதுக்குள் – 50
1 வயது முதல் 5 வயதுக்குள் – 40

2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் இரண்டாம் முறையும் எண்ணுங்கள். அப்போதும் 60ஐத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றப் பிள்ளைகளை அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் மூச்சை வேகமாக்கும் என்பது உண்மைதான். ஆனால், "காய்ச்சலால்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. முன்பு வாங்கி மிஞ்சிய மருந்தையும் கொடுக்கக் கூடாது.

எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி குழிவிழுந்தால், மூக்குத் துவாரம் விரிந்தால், மூச்சு முனகலாக வந்தால், உதடோ நாக்கோ நீலம் பாரித்தால், குடிக்க முடியாமற்போனால், வலிப்பு வந்தால் ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம். வாகன வசதி இல்லையா? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இன்னுமொன்று. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென அடங்கிப்போனால், "அப்பாடா, உறங்கிவிட்டது" என்று நிம்மதியடையாதீர்கள். எழுப்பிப் பாருங்கள். களைத்துச் சோர்ந்த பிள்ளையும் அப்படித்தான் அடங்கிப்போகும். அது சுகமல்ல, ஆபத்து.

60, 50, 40. இந்த மூன்று எண்களையும் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தின் அட்டையில் இன்றே எழுதி வையுங்கள். உம்மும்மாவுக்கும் மூத்த மகளுக்கும் எண்ணக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத வேளையிலும் அந்த ஒரு நிமிடம் பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.