ரிசல்ட் மே மாதம், கடைசித் தேதி ஜனவரி

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறந்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் ‘க. செல்வி’ என்று இருப்பவள் பாஸ்போர்ட் எடுக்கப் போனால், இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பா கருப்பசாமி குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அதற்குப் பிறகு வருகிற மின்னஞ்சல்களில் எல்லாம் அவள் ‘மிஸ் கருப்பசாமி’. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், எஸ்.ஏ.டி. தேர்வுப் பதிவில் இன்னொரு பெயர் என்று ஆகிவிட்டால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட அலைய வேண்டும். பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட்டு, அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுவது நல்லது.

அடுத்த சிக்கல் காலண்டர். நம் வீடுகளில் காலேஜ் பேச்சு சூடு பிடிப்பது பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான். கட்-ஆஃப் போடுவது, கவுன்சலிங்குக்குக் கிளம்புவது எல்லாம் அப்புறம். அமெரிக்காவில் ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்குப் பெயர்பெற்ற கல்லூரிகள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தை முடித்துவிடும். முன்கூட்டியே முடிவு கேட்கிற ‘எர்லி’ சுற்றுக்கு நவம்பர் தொடக்கம். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15. ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு இதெல்லாம் வந்து நிற்கும். பொதுத்தேர்வு மதிப்பெண் அப்போது யார் கையிலும் இருக்காது. அதனால் ‘இவர் இவ்வளவு எடுப்பார்’ என்று பள்ளியே கணித்துச் சொல்ல வேண்டும். பிரிட்டன் அதைப் பார்த்து, இத்தனை சதவீதம் எடுத்தால் இடம் உறுதி என்று நிபந்தனையோடு இடம் தரும். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் கேட்கும். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை எந்த வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்? பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்து, தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே வேலை பிளஸ் ஒன்னிலேயே தொடங்குகிறது.

அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் ‘காமன் ஆப்’. 1975-ல் தொடங்கிய ஏற்பாடு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1-ல் புதிதாகத் திறக்கும். இதில் வகுப்புக்கு வெளியே என்னென்ன செய்தீர்கள் என்று 10 கட்டங்கள் உண்டு. தேனிப் பக்கத்தில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை நாலரைக்கு எழுந்து அம்மாவின் இட்லிக் கடைக்குச் சட்னி அரைக்கிறாள், கடன் நோட்டு எழுதுகிறாள், தம்பியைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்பாள். பியானோ வாசிக்கவில்லை, விவாத மேடை ஏறவில்லை, தொண்டு நிறுவனம் தொடங்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலிலேயே ‘குடும்பப் பொறுப்புகள்’ என்று ஒரு வகை இருக்கிறது, ‘சம்பளத்துக்கு வேலை’ என்றும் இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறது. விவரம் எழுத இடைவெளியோடு சேர்த்து 150 எழுத்துதான். ‘தினமும் 60 பேருக்குச் சிற்றுண்டி, கடன் கணக்கு என் பொறுப்பு, பாக்கியை எழுதி வைத்து வசூலித்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குள் அடைக்க வேண்டும். பத்து நாள் கோடைப் பயிற்சிக்குப் பணம் கட்டி வாங்கிய சான்றிதழைவிட இது கனமானது என்பது என் கட்சி.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு பாடு. நம் ஆசிரியர்களுக்குப் பழக்கமான ஒரே கடிதம் நன்னடத்தைச் சான்றிதழ். அங்கே கேட்பது வேறு: வகுப்பில் இந்தப் பிள்ளை என்ன கேள்வி கேட்டான், எங்கே தோற்று எப்படி எழுந்தான். ஆசிரியரே இணையத்தில் பதிவேற்ற வேண்டும்; மாணவரிடம் கொடுத்தனுப்பும் உறைக்கு இடமில்லை. அறுபது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு எல்லாம் நினைவிருக்காது. நடந்தவற்றை ஒரு தாளில் எழுதி, ‘ஐயா, இதெல்லாம் ஞாபகம் இருக்கா?’ என்று கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டுரைக்கு வருவோம். காமன் ஆப்பில் 650 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. ‘சிறு வயதிலிருந்தே’ என்று தொடங்கினால் படிப்பவர் கொட்டாவி விடுவார். பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் ஐந்து இடங்கள் வரை தேர்வு செய்யலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டுரைதான். வாழ்க்கைக் கதை அங்கே எடுபடாது, ‘ஏன் இந்தப் பாடம்’ என்பதற்கே பதில் வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 4,000 எழுத்து. காசு கொடுத்துக் கட்டுரை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2007 வாக்கில் யூகாஸ் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டு வயதில் ரசாயனப் பரிசோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். ஒரே பைஜாமா!

பணம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்கள்தாம் வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. ஹார்வர்டில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மற்ற பல கல்லூரிகளில் உதவி கேட்பதே தராசில் ஓர் எடைக்கல். உதவி கேட்டால் பெற்றோரின் வருமானம், சேமிப்பு, வீடு எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஏதோ ஒரு திட்டத்துக்காக 72,000 ரூபாய் என்று வாங்கிய வருமானச் சான்றிதழும், விசாவுக்காகக் காட்டும் வங்கி இருப்பும் அப்போது ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆய்வுப் படிப்புக்கும்தான். பிளஸ் டூ முடித்தவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நேராக உள்ளே போக முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே கல்லூரியில் ஓராண்டோ, அங்கே ஆயத்த வகுப்போ வேண்டும். விசாவுக்கு முடக்கி வைக்கும் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்பதைக் கன்சல்டன்சி விளம்பரங்கள் சின்ன எழுத்தில்தான் சொல்லும்.

கடைசி நாளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காமன் ஆப்பில் பெரும்பாலும் உங்கள் ஊர் நேரப்படி இரவு 11.59 வரை. யூகாஸில் பிரிட்டன் நேரம் மாலை ஆறு. அக்டோபரில் அது நமக்கு இரவு பத்தரை, ஜனவரியில் பதினொன்றரை. ஜனவரி முதல் தேதியைக் குறிவைப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அது அரையாண்டு விடுமுறை. பள்ளி பூட்டியிருக்கும், தலைமை ஆசிரியர் சொந்த ஊருக்குப் போயிருப்பார், முத்திரை அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கும்.