தோல் எரியாமல் சவரம்: ரேசர் தேர்ந்தெடுப்பது எப்படி?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுபவர்கள் செயற்கைக்கோள், ரோபோ, சூரிய சக்தி என்று பெரிய விஷயங்களை எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் எல்லோருடைய சோப்பு டப்பாவுக்குப் பக்கத்திலும் கிடக்கிற ஒரு சின்னப் பொருள். அதுதான் ரேசர். "இதெல்லாம் ஒரு கட்டுரையாடா?" என்று சிரிப்பவர்கள் காலை ஏழு மணிக்கு விடுதிக் குழாயடிக்கு வந்து பார்க்கட்டும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்..." என்று நிற்கிற நாலு பேரையாவது பார்க்கலாம்.

இறுதியாண்டுக்காரர்களாகிய நமக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. நேர்முகத் தேர்வு வருகிறது, அதன் பிறகு அப்ரண்டிஸ் பயிற்சி. பெயிண்ட் ஷாப் போன்ற இடங்களில் முகத்தோடு ஒட்டி மூடுகிற சுவாசக் கவசம் மாட்ட வேண்டிவரும். அதன் ரப்பர் விளிம்பு படுகிற இடத்தில் முடி இருந்தால் இடுக்கு வழியாகக் காற்று கசியும். அதனால் அதை மாட்டுபவர் சுத்தமாகச் சவரம் செய்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. என் வகுப்பு நண்பன் ஒருவனுக்குச் சவரம் செய்த மறுநாளே கழுத்தெல்லாம் பொரிப்பொரியாக வந்துவிடும். அந்தப் பயத்தில் பெயிண்ட் ஷாப் பயிற்சியே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க இருந்தான். அவனுக்காகத் தேடிச் சேர்த்த விஷயங்கள்தான் இவை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் அப்பா ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். இங்கே ஒர்க் ஷாப்பில் கட்டிங் டூல் பாடம் படிக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. அப்பாவின் கைக்கு எப்போதோ தெரிந்துவிட்ட விஷயங்களுக்கு இங்கே பெயர் வைத்துச் சொல்லித் தருகிறார்கள்!

தோல் ஏன் எரிகிறது?

எரிச்சல் இரண்டு வகை. சவரம் முடிந்த உடனே வருகிற சிவப்பும் எரிச்சலும் முதல் வகை. பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேல் பரப்பையும் சுரண்டிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது வகை, ஓரிரு நாள் கழித்து வருகிற பொரி. பலர் இதை முகப்பரு என்று நினைத்துக் கண்ட களிம்பையும் பூசுகிறார்கள். சுருள் முடி உள்ளவர்களுக்கு, வெட்டுப்பட்ட முடியின் கூர்முனை வளரும்போது வளைந்து மறுபடியும் தோலுக்குள்ளேயே குத்திவிடுகிறது. முள் ஏறின இடம் எப்படி வீங்குமோ அப்படி அந்த இடமும் வீங்குகிறது. மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சூடோபாலிகுலைட்டிஸ் பார்பே'.

முதல் வகைக்குக் காரணம் அழுத்தமும் கோணமும். இரண்டாம் வகைக்குக் காரணம் முடியை மிகவும் ஒட்ட வெட்டுவது. ஆகவே மென்மையான தோலுக்கு ரேசர் வாங்குகிறவன் "எது ரொம்ப ஒட்ட மழிக்கும்?" என்று கேட்கக் கூடாது. "எது தோலைத் தொந்தரவு செய்யாமல் மழிக்கும்?" என்று கேட்க வேண்டும்.

ரேசரும் ஒரு கட்டிங் டூல்தான்

லேத்தில் டூலின் கோணம் தவறினால் ஜாப் பாழ். இங்கே ஜாப் நம் முகம்! பழைய நேர்க்கத்தியில் இந்தக் கோணத்தை வைப்பது முழுக்கக் கைத்திறமை. அப்பா எனக்குச் சொன்னது இது: "அழுத்தாதடா தம்பி. கத்தி அதோட எடையிலயே போவணும். கரகரன்னு சத்தம் வந்தா முடிய வெட்டுது. சத்தம் நின்ன பெறகும் இழுத்தா தோலத்தான் சுரண்டுவ."

இந்தக் கைத்திறமையில் ஒரு பகுதியை வாங்கி இரும்புக்குள் வைத்ததுதான் பாதுகாப்பு ரேசர், அதாவது நம் ஊர் 'சேவிங் செட்'. மேல் மூடி, பிளேடு, அடித்தட்டு என்று அதன் தலையில் மூன்றே பாகம். பிளேடின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். மூடியை இறுக்கும்போது பிளேடு வளைந்து விறைப்பாக உட்காருகிறது. தோலுக்கும் பிளேடுக்கும் ஏறக்குறைய 30 டிகிரி வருகிற மாதிரி பிடித்தால் முடி வெட்டுப்படும். பிளேடுக்கு முன்னால் இருக்கிற காவல் பட்டை தோலைச் சமன் செய்துகொண்டே போகிறது.

இதில் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, இடைவெளி. பிளேடின் முனைக்கும் காவல் பட்டைக்கும் நடுவில் உள்ள தூரம். பெரும்பாலான ரேசர்களில் இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் ஒர்க் ஷாப் ஃபீலர் கேஜ் வைத்தே அளக்கலாம். இடைவெளி கூடினால் தோல் உள்ளே புடைத்து முனையில் படும்.

இரண்டு, முனையின் நீட்டம். மேல் மூடியின் விளிம்பையும் காவல் பட்டையையும் தொட்டு ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் முனை அந்தக் கோட்டுக்கு வெளியே நீண்டால் ரேசர் கடுமையானது. கோட்டின் மேலேயோ சற்று உள்ளேயோ இருந்தால் மென்மையானது. கடையில் 'மைல்ட்' என்று சொல்வது இதைத்தான். எரிகிற தோலுக்கு இடைவெளி குறைந்த, முனை நீளாத 'மைல்ட்' ரேசர்தான் ஏற்றது.

கொஞ்சம் வரலாறு

1880-ல் அமெரிக்காவில் காம்ப் சகோதரர்கள் காவல் வைத்த ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் அதன் பிளேடை அடிக்கடி தீட்ட வேண்டும். பாட்டில் மூடி விற்றுக்கொண்டிருந்த கிங் கேம்ப் ஜில்லெட், 1895-ல், தீட்டவே வேண்டாத, மழுங்கினால் தூக்கிப் போடுகிற மெல்லிய பிளேடை யோசித்தார். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினப்படுத்திக் கூராக்க முடியாது என்று எஃகு தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். அதைச் செய்து காட்டியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-ல் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டு 90,000 ரேசருக்கு மேல்! யோசனை விற்பனைக்காரருடையது என்றாலும் அதை நடத்திக் காட்டியது ஹீட் ட்ரீட்மென்ட் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எத்தனை பிளேடு வேண்டும்?

1971-ல் இரட்டை பிளேடு, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது திரும்ப உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும். மீதி முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். ஆனால் சுருள் முடிக்காரனுக்கு அங்கேதான் வினை! கீழே போன முனை வெளியே வர வழி தெரியாமல் உள்ளுக்குள்ளேயே குத்தும். மேலும் ஒரு இழுப்புக்கு ஐந்து முனைகள் தோலில் உரசுகின்றன. எரிச்சலோ பொரியோ உள்ளவர்கள் ஒற்றை பிளேடுக்கு மாறிப் பார்ப்பது இதனால்தான்.

ஒற்றை பிளேடு பழங்காலப் பொருளும் இல்லை. 2010-ல் ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்கென்றே ஒற்றை பிளேடு ரேசர் ஒன்றை வெளியிட்டது. அப்போது ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். ஒரு குவளைத் தண்ணீரில் சவரம் செய்கிறவர்களை மனதில் வைத்து, எளிதாக அலசும்படி வடிவமைத்திருந்தார்கள். நம் விடுதியின் ஒரு மக்குத் தண்ணீருக்கும் அது பொருந்தும்!

கடையில் பார்க்க வேண்டியவை

1. காவல் பட்டை: சீப்புப் பல் மாதிரி திறந்த வகை நீண்ட தாடியை மழிக்க உதவும். மென்மையான தோலுக்கு மூடிய நேர்ப் பட்டை நல்லது. அளவை மாற்றும் வசதி உள்ள ரேசர் என்றால் மிகக் குறைந்த எண்ணில் ஆரம்பியுங்கள்.

2. பிளேடு நேராக உட்காருகிறதா: பிளேடு மாட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் கழற்றி மறுபடி இறுக்குங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

3. எடை: தலைப்பகுதி ஓரளவு கனமாக இருந்தால் அந்த எடையே வேலை செய்யும். ரொம்ப லேசான ரேசரில் நம்மை அறியாமல் கை அழுத்திவிடும்.

4. பிடி: சோப்புக் கையில் வழுக்காமல் இருக்க நர்லிங் செய்த பிடியாக இருக்கட்டும்.

5. உலோகம்: விலை குறைந்தவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசியவை. பூச்சு உரிந்துவிட்டால் அரிப்பு ஆரம்பிக்கும். பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீண்ட நாள் வரும்.

6. அமைப்பு: பிடியைத் திருகினால் கதவு மாதிரி திறக்கிற வகை பார்க்க அழகு. ஆனால் விடுதி போர் தண்ணீரின் உப்பு அந்த மூட்டுகளில் படிந்துவிடும். மூடி, அடித்தட்டு, பிடி என்று தனித்தனியாகக் கழலுகிற மூன்று துண்டு வகையில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. கழற்றிக் கழுவினால் தீர்ந்தது.

பிளேடு விஷயம்

பிளேடு எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கிறது. முடியோ எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. பிறகு ஏன் பிளேடு மழுங்குகிறது? 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் முடி வெட்டுப்படுவதை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தே பார்த்து, 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். முனை வெறுமனே தேய்ந்து உருண்டுவிடுவதில்லை. முடி வளையும்போது முனையில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. ஆகவே பழைய பிளேடு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு ரம்பம். அதை எரிகிற தோலில் இழுக்கலாமா?

ஒரு பிளேடை 5 முதல் 7 சவரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது தோல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வாரம் இரண்டு முறை செய்தால் ஆண்டுக்கு 104 சவரம். ஒரு பிளேடுக்கு 5 என்று வைத்தால் 21 பிளேடு. பயிற்சிக்குப் போய் வாரம் ஆறு நாள் செய்தால் 312 சவரம், 63 பிளேடு. உங்கள் ஊர்க் கடை விலையால் பெருக்கி, பல பிளேடு கேட்ரிட்ஜ் விலையோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து மாதம் எண்ணி அனுப்புகிற பணத்தில் படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

ஒரே பிளேடு எல்லா முகத்துக்கும் ஒத்துவராது. ஒரு பாக்கெட் வாங்கி இரண்டு வாரம் பாருங்கள். ரேசர், பிளேடு, கிரீம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். லேப் பரிசோதனை மாதிரி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் குணமானது என்று தெரியும்.

பயன்படுத்தும் முறை

குளித்து முடித்த பிறகு சவரம் செய்யுங்கள். தண்ணீர் குடித்த முடி மெதுவாகிவிடும். நுரை போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். கழுத்தில் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பக்கமாகவே இழுங்கள். எதிர்ச் சவரம் வேண்டாம். சிறு சிறு இழுப்பாக, ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள். கடையில் அப்பா தோலை இழுத்துப் பிடிப்பார். அது நேர்க்கத்திக்கு அவசியம். பொரி வருகிற முகத்துக்கு நாமே செய்யும்போது தோலை இழுக்க வேண்டாம். இழுத்தால் முடி தோலுக்குக் கீழே வெட்டுப்படும்.

மேலே சொன்ன நண்பன் ஒற்றை பிளேடு மைல்ட் ரேசருக்கு மாறி ஒரு மாதம் இப்படிச் செய்தான். பொரி முழுதும் போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது. பெயிண்ட் ஷாப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.

சில எச்சரிக்கைகள்

ரேசரை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள், உயிர் நண்பனாக இருந்தாலும் சரி. மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் இரத்தம் வழியாகப் பரவுபவை. அப்பா ஒவ்வொருவருக்கும் அவர் கண்ணெதிரே புது பிளேடை இரண்டாக உடைத்து மாட்டுவது இதற்காகத்தான். எந்தக் கடைக்குப் போனாலும் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

பொரியில் சீழ் வைத்தாலோ, தழும்பு தடித்து வளர்ந்தாலோ, சவரத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். எதற்கும் அடங்காத தோலுக்கு டிரிம்மரால் கொஞ்சம் முடி விட்டு வெட்டுவதே நல்லது. அப்படிப்பட்டவர்கள் பயிற்சியில் மேற்பார்வையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தலையை மூடித் தளர்வாக நிற்கிற, மோட்டார் மூலம் காற்று தருகிற கவசங்களும் உண்டு. அவற்றுக்குத் தாடி தடையில்லை. பொரி முகத்தை மறைத்துக்கொண்டு இறுக்கக் கவசம் மாட்டி விஷக் காற்றை மட்டும் சுவாசிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பழைய பிளேடைக் குளியலறை ஜன்னலில் வைப்பதும் குப்பையில் அப்படியே வீசுவதும் நம் விடுதியில் நடக்கிறது. காலையில் அதை வெறுங்கையால் அள்ளுகிறவர் நமக்கெல்லாம் அக்கா மாதிரி. ஒரு தகர டப்பாவின் மூடியில் மெல்லிய பிளவு போட்டு அதற்குள் போடுங்கள். எங்கள் அறையில் அப்படி ஒரு டப்பா வைத்திருக்கிறோம். ஃபிட்டிங் ஷாப்பில் பத்து நிமிட வேலை. உங்கள் அறைக்கும் வேண்டுமானால் டப்பாவோடு வாருங்கள், செய்து தருகிறேன்.

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)