காணாமற்போன அஞ்சல் கோப்புறைகள்

தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் செயலியில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற தலைப்பின்கீழ் தெரியும் கடிதங்கள் இணையத்தில் எங்கும் இருப்பதில்லை. அந்தக் கணினியின் வன்தட்டில் மட்டுமே இருக்கும். சேவையகத்திலிருந்து கடிதங்களைக் கணினிக்கு இறக்கும் 'பாப்' முறையில், இறக்கியதும் சேவையகப் பிரதி அழியும்படி அமைத்திருந்தால் அந்தக் கடிதங்களின் நிலையும் இதுதான். இணைப்பு அடிக்கடி அறுந்த இலங்கை மலையகத்துக்கு இம்முறை பொருத்தமாகவே இருந்தது: ஒருமுறை இறக்கிவிட்டால், லைன் இல்லாதபோதும் கடிதத்தைப் படிக்கலாம்.

பொகவந்தலாவையில் ஒரு தோட்ட அலுவலகக் கணினியில் இப்படிப் பல வருடக் கடிதங்கள் சேர்ந்திருந்தால், கொழும்புத் தேயிலை ஏலம் குறித்துத் தரகருக்கு எழுதியவை மட்டுமா அதில் இருக்கும்? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதியில் ஒரு தொழிலாளியின் பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று தொழில் திணைக்களத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்தும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை கணக்கிட அனுப்பிய சேவைக்கால விபரமும் அங்கேதான் கிடக்கும். கொழுந்து பறித்தே முதுமையடைந்த ஒருவரின் உரிமைப் பணம் அந்தக் கடிதத்தில் தங்கியிருக்கலாம். எனவே கோப்புறை காணவில்லை என்றதும் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது கூடாது.

செயலி கடிதங்களைச் சேமிக்கும் விதம் எளிமையானது. ஒரு கோப்புறைக்கு ஒரு கோப்பு; பெயருக்குப் பின்னொட்டு இராது. 'எம்பாக்ஸ்' எனப்படும் இந்த வடிவம் 1970களின் யுனிக்ஸ் காலத்தது. கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறும் எழுத்துகளாகவே அதில் கிடக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் அதே பெயரில் 'எம்.எஸ்.எஃப்' என்று முடியும் சிறு கோப்பு ஒன்று உண்டு. அது அட்டவணை மட்டுமே. உபகோப்புறைகள் 'எஸ்.பி.டி' என்று முடியும் அடைவுக்குள் இருக்கும். இவை எல்லாவற்றையும் கணக்கு அமைப்புகளோடு சேர்த்து வைத்திருக்கும் இடமே 'புரொஃபைல்'. 'ஹெல்ப்' பட்டியலில் 'டிரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால், 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரியிலிருந்து நேரே அங்கு போகலாம்.

எதையும் தொடுமுன் செயலியை மூடிவிட்டு, புரொஃபைல் அடைவு முழுவதையும் வெளித்தட்டு ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். மற்ற வேலை எல்லாம் அதன் பிறகுதான்.

சில வேளை கோப்புறை தொலைந்திருக்காது, மறைந்திருக்கும். இடப்பக்கப் பலகத்தில் 'ஆல் ஃபோல்டர்ஸ்' காட்சி அணைந்திருக்கிறதா, லோக்கல் ஃபோல்டர்ஸை மறைக்கும் தெரிவு இயங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

கணக்குகளே இல்லாமல் செயலி புதிதாய்ப் பிறந்ததுபோல் திறந்தால், காரணம் பெரும்பாலும் புரொஃபைல் மாற்றம். 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல் உண்டு. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறி, வேறு இடத்தில் நிறுவினால், செயலி பழையதை விட்டுவிட்டு வெறும் புரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழைய கடிதங்கள் பக்கத்து அடைவில் பத்திரமாக இருக்கும். 'அபவுட் புரொஃபைல்ஸ்' பக்கத்தில் பழையதைத் தெரிவுசெய்து இயல்பானதாக்கினால் எல்லாம் திரும்பிவிடும். உபுண்டு 24.04இல் செயலி ஸ்னாப் பொதியாக வருவதால் இருப்பிடமும் வேறு. பழையவை வீட்டடைவில் மறைந்துள்ள தண்டர்பேர்ட் அடைவில் இருக்கும்.

கோப்புறை தெரிகிறது, உள்ளே கடிதங்கள் இல்லை என்றால் அட்டவணை கெட்டிருக்கலாம். நூலின் பொருளடக்கம் கிழிந்தால் நூல் போய்விடாது. கோப்புறையின் 'புரொப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'ரிப்பேர் ஃபோல்டர்' பொத்தானை அழுத்தினால் செயலி அட்டவணையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். மிக நீளமான பெயருள்ள கோப்புறைகள் தட்டில் எண்ணும் எழுத்தும் கலந்த பெயரில் இருக்கும்; உண்மைப் பெயர் அட்டவணையில்தான் உண்டு. ஆகவே எம்.எஸ்.எஃப் கோப்புகளைக் கண்மூடித்தனமாக அழிக்கக் கூடாது.

மின்வெட்டு தரும் சேதம் வேறு வகை. அழித்த கடிதங்களை நீக்கிக் கோப்பைச் சுருக்கும் 'கொம்பாக்ட்' செய்யும்போது செயலி கோப்பைப் புதிதாக எழுதுகிறது. நாடெங்கும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற 2022 மார்ச் இறுதி போன்ற காலத்தில், அந்த வேளையில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நின்றுவிடலாம். அடைவில் 'என்.எஸ்.டி.எம்.பி' என்ற பெயரோடு பெரிய கோப்பு ஏதும் கிடந்தால், கடிதங்கள் அதில் இருக்க வாய்ப்புண்டு. அதைப் பிரதி எடுத்து, வேறு பெயரிட்டு, லோக்கல் ஃபோல்டர்ஸ் அடைவில் பின்னொட்டில்லாமல் வைத்துச் செயலியைத் திறந்தால் புதிய கோப்புறையாகத் தோன்றும். உபகோப்புறைகளை மீட்கும்போது தாய்க்கோப்பும் வேண்டும், வெறுமையான கோப்பானாலும் சரி. அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பவை தெரியாமல் போகலாம். வைரஸ் தடுப்புச் செயலி ஒரு கடிதத்துக்காக முழுக் கோப்பையும் அடைத்துவைப்பதும் உண்டு. அதன் தனிமைப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

தவறி அழித்த கடிதமும், கொம்பாக்ட் நடக்கும்வரை கோப்பிலேயே கிடக்கும். அதன் தலைப்பகுதியில் 'எக்ஸ் மொசில்லா ஸ்டேட்டஸ்' வரியில் 0009 என்றிருந்தால் 0001 என்றும், 0008 என்றிருந்தால் 0000 என்றும் பிரதியில் மாற்றி, ரிப்பேர் செய்தால் அது மீளும். இதற்கு எழுத்துக் குறியாக்கத்தை மாற்றிவிடாத தொகுப்பி தேவை. தமிழில் எழுதிய கடிதங்களைத் தொகுப்பியில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு: தலைப்புகள் குறியாக்கம் பெற்றிருப்பதால் 'சேவைக்காலம்' என்று தேடினால் கிடைக்காது. அனுப்பியவரின் முகவரியையோ திகதியையோ கொண்டுதான் தேட வேண்டும்.

கோப்பே அழிந்திருந்தால், அந்தத் தட்டில் மேற்கொண்டு எதுவும் எழுதாமல் கணினியை நிறுத்திவிட்டு, மீட்பு மென்பொருளை வேறு தட்டிலிருந்து இயக்க வேண்டும். சுழலும் வன்தட்டில் இது பலிக்க நல்ல வாய்ப்புண்டு. எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தைத் தட்டே துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே எஞ்சுவது பழைய பிரதிகள்தான். அலுவலக அலுமாரியில் ஒதுக்கிப் போட்ட முந்தைய கணினியின் தட்டில், அதை ஒதுக்கிய வருடம் வரையிலான புரொஃபைல் முழுதாகவே இருக்கக்கூடும்.