தண்ணி குடிக்காத எலியும் வேரில்லாத பாசியும்

அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களில் கங்காரு எலி என்று ஒன்று இருக்கு. பச்சைத் தண்ணி குடிக்காமலே ஆயுசைக் கழித்துவிடும். காய்ந்த விதையைத் தின்னும். அது செரித்து உடம்பில் எரியும்போது உண்டாகும் நீரே அதற்குப் போதும். அந்த நீரையும் லேசில் விடாது, சிறுநீர் அவ்வளவு கெட்டி. பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும். நாம விதையைக் காயவெச்சு சேமிக்கிறோம். இதோட விதையோ வளையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்!

அதே நாட்டில், புளோரிடாவின் வெள்ளை மணலில் கிளாடோனியா பெர்ஃபொராட்டா என்றொரு லைக்கன். நம்ம சமையலில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுக்குடித்தனம். வேர் கிடையாது. மழையோ பனியோ வந்தால் உறிஞ்சும், இல்லாவிட்டால் மொறுமொறுவென்று காய்ந்து காத்திருக்கும். எலி நீரைப் பிடித்துவைத்துப் பிழைக்கிறது; இது நீரை இழந்தும் பிழைக்கிறது.

வறட்சியில் இரண்டும் சளைத்ததில்லை. ஆனா தீ வந்தால் எலிக்கு வளை இருக்கு. லைக்கன் எங்கே ஓடும்? காய்ந்திருக்கும்போது கால் பட்டாலே நொறுங்கும். 1995-ல் ஓப்பல் புயல் கடலோரத்தில் இருந்ததை வாரிக்கொண்டு போனது. உள்நாட்டு மணல்காட்டில் பெரும்பகுதியை ஆரஞ்சுத் தோப்பும் வீட்டுமனையும் தின்றுவிட்டன. தோப்பு போட்டவர்களும் விவசாயிகள்தான். 1993-லேயே அமெரிக்க அரசு இதை அழியும் உயிர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதில் ஏறிய முதல் லைக்கன் இதுதான். உடைந்த துண்டு ஒன்று மிஞ்சினால் அதிலிருந்து மறுபடி வளரும், ரொம்ப மெதுவாக.