மின்விசிறியும் தன்னியக்கச் சுவர் ஆளியும்

கைபேசியால் இயக்கத்தக்க தன்னியக்க ஆளிகள் இன்று வீடுகளில் இடம்பெற்று வருகின்றன. மின்குமிழின் ஒளியைக் குறைக்கும் ஆளியைக் கூரை மின்விசிறிக்கும் பயன்படுத்தலாமா என்பது ஆராயத்தக்கது.

ஒளிகுறைக்கும் ஆளி, ஆடலோட்ட அலையின் ஒரு பகுதியை ஒவ்வோர் அரைச்சுற்றிலும் வெட்டிவிடுகின்றது. வெறுந் தடையாகிய இழைக்குமிழுக்கு இதனால் தீங்கில்லை. விசிறியிலோ பெரும்பாலும் தூண்டல் மோட்டரே உள்ளது. இலங்கையின் 50 ஏட்சு மின்வழங்கலில், 14 முனைவு மோட்டரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 428 முறை சுழலும். சிறகுகள் அதனினும் சற்றுக் குறைவாகச் சுழலும். வெட்டுண்ட அலை இம்மோட்டரை அடையின் இரைச்சல் எழும். சுருள்கள் மிகையாகச் சூடேறும். நாளடைவில் அவற்றின் காவலி சிதையும்.

ஆதலின் விசிறிக்கென அமைந்த நல்ல ஆளிகள், கொள்ளளவிகளைத் தொடராக இணைத்து மோட்டர் பெறும் வோற்றளவைக் குறைக்கின்றன. அலைவடிவம் பெரிதுங் கெடுவதில்லை. பழைய தடைச் சீராக்கியிற் போல வலு வெப்பமாக வீணாவதுமில்லை. ஆயின், சில படிநிலை வேகங்களே கிடைக்கும்.

இவ்வாளிகள் இடையறாது மின்பெறுதற்குப் பெரும்பாலும் நொதுமற் கம்பி வேண்டும். பல பழைய வீடுகளின் ஆளிப்பெட்டியில் அஃது இல்லை. அதற்குப் பதிலாகப் புவிக்கம்பியை இணைத்தல் உயிராபத்தானது.

தூரிகையற்ற நேரோட்ட மோட்டர் விசிறிகளுக்கு மேற்கூறிய இருமுறைகளும் ஒவ்வா. அவற்றின் வேகத்தை உள்ளமைந்த இலத்திரனியற் சுற்றே ஆளுகின்றது; சுவர் ஆளி முழு வோற்றளவை வழங்கவோ நிறுத்தவோ மட்டுமே வேண்டும்.

எனவே, ஆளியைத் தெரிவுசெய்யுமுன் மோட்டரின் வகையை அறிதலே முதற்கடனாகும்.