குடலைத் தெளிவாகக் காட்டும் பானம்

வயிற்றுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் செல்லும் நம் வீட்டார் சிலரிடம் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட பானத்தைக் கொடுத்து, ஒரு மணி நேரத்திற்குள் சிறிது சிறிதாகப் பருகி முடிக்கச் சொல்லுகின்றனர். வெறும் வயிறு, வாய்க்குப் பிடிக்காத சுவை. பாதியைப் பருகிவிட்டு, மீதியை யாரும் காணாமல் கொட்டிவிட மனம் தூண்டுவது இயல்பே. அவ்வாறு கொட்டுவதால் இழப்பது என்னவென்று நாம் அறிந்திருத்தல் நலம்.

நமது சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழல். உள்ளே ஒன்றுமில்லாதபோது அது வெறும் பைபோல ஒட்டிச் சுருங்கிக் கிடக்கும். சுருங்கிய நல்ல குடலும் படத்தில் நோயால் தடித்ததுபோல் தோன்றும். உண்மையான நோயோ மறைந்துவிடும். குரோன் நோயும் குடல் காசநோயும் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையே பற்றுகின்றன. அதுவரை குடல் விரிந்திருந்தால்தான் படம் உண்மையைச் சொல்லும்.

வெறும் தண்ணீர் போதாதா? போதாது. குடல் அதை வழியிலேயே உறிஞ்சிவிடும். ஆகவே குடல் எளிதில் உறிஞ்சாத மானிட்டால், சார்பிட்டால், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பொருள்களை நீரில் கரைத்துத் தருகின்றனர். இவை நீரைக் குடலுக்குள்ளேயே நிறுத்தி அதனை விரிக்கின்றன. ஒருவகைப் படத்தில் குடலின் உட்புறம் வெண்மையாகவும், வேறொருவகைப் படத்தில் கருமையாகவும் தெரிய, குடற்சுவர் தனித்து விளங்குகிறது.

பித்தநாளத்தைப் படமெடுக்கையில் அன்னாசிச் சாறும் பயன்படுவதுண்டு. அதிலுள்ள மாங்கனீசு, இரைப்பை நீரின் வெண்மையைக் குறைத்துப் பித்தநாளத்தைத் தெளிவாக்குகிறது. எளிய கனியிலும் இறைவன் வைத்திருக்கும் பயன்தான் என்னே!

இச்சோதனையில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. எனவே, அடிக்கடி சோதிக்கப்படவேண்டிய இளம் நோயாளிகளுக்கு இது பெரிதும் ஏற்றது. பானத்தால் சில மணி நேரம் வயிற்றுப்போக்கு ஏற்படலாம், அஞ்ச வேண்டியதில்லை. நீரிழிவு, சிறுநீரக நோய், கர்ப்பம், இதயத்தில் பொருத்திய பேஸ்மேக்கர் ஆகியவற்றை முன்னதாகவே மருத்துவரிடம் கூறிவிடவேண்டும். காந்தம் மிக வலியது. ஆதலால் கழுத்துச் சிலுவையையும் சுரூபத்தையும் கழற்றி உடன் வந்தவரிடம் ஒப்படைப்போம். செபம் மட்டும் நம்மோடு உள்ளே வரட்டும்.

பருக இயலவில்லையா? வாந்தி வந்ததா? மறைக்காமல் சொல்லிவிடுவோம். உடன் செல்பவர் பொறுமையோடு அருகிருந்து, ஒவ்வொரு குவளைக்கும் ஊக்கமளிப்பாராக. நோயுற்றோரைப் பேணும் அறச்செயல் சில வேளைகளில் இத்துணை எளியதே!